காப்புக் கட்டியவர் தட்டில்

விரதக் காப்புக் கட்டியிருந்த என் கணவருக்குக் கோழிக்கறி போட்டவள் நான்! தெரியாமல் போடவில்லை. தெரிந்தே போட்டேன்.

இதைப் படிக்கிற நீங்கள் காறித் துப்பினாலும் சரி... இனியும் மூடி வைக்க என்னால் முடியவில்லை.

எங்கள் மகள் செல்விக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை உண்டானதும் ஆரணிக்கே அழைத்து வந்துவிட்டோம். அந்த ஆடியில் அவள் அப்பா படவேட்டு ரேணுகாம்பாளை வேண்டி மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினார். அதை அவிழ்க்கும்வரை வீட்டில் கவுச்சி ஆகாது. தெருவில் மற்றவர்களுக்கு அதைப் புத்தியாகச் சொல்பவளே நான்தான்!

எதைத் தின்றாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பெண், ஒருநாள் போனை நீட்டினாள். "எம்மா, இந்தச் சிக்கன் நூடுல்ஸ் மட்டும் செஞ்சு குடும்மா... இது உள்ள நிக்கும்னு தோணுது."

பெற்ற மனம் கேட்குமா? அவர் தறிக்குப் போனதும் முந்தானைக்குள் மறைத்துக் கறி வாங்கி வந்தேன். வீட்டு அடுப்பைத் தொடவில்லை. கொல்லையில் செங்கல் கூட்டி, பழைய இருப்புச்சட்டியை வைத்தேன். கோழியைப் பொடியாக நறுக்கி வதக்கி, கோஸ், கேரட், குடைமிளகாய் போட்டு, தீ பறக்கச் சோயா சாஸ் ஊற்றி, வடித்து வைத்த நூடுல்ஸைக் கொட்டிப் புரட்டினேன். கறியெல்லாம் கறுத்துச் சுருண்டது. செல்வி இரண்டு தட்டு சாப்பிட்டாள். வாந்தி இல்லை!

அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது. கரண்ட் போனதால் அவர் பாதியில் வந்துவிட்டார்.

"இன்னாடி, வூடே கும்முனு மணக்குது? அம்மாவும் பொண்ணும் என்ன வுட்டுட்டு சைனாவுக்குப் பூட்டு வந்தீங்களா?" சிரித்துக்கொண்டே சட்டியை எட்டிப் பார்த்தார். "இது இன்னா, மீல் மேக்கரா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக! ஆனால் வந்தது என்ன?

"ஆமாங்க."

"எனக்கும் கொஞ்சம் போடு."

"எம்மா..." என்றாள் செல்வி. கண்ணாலேயே அவளை அடக்கினேன். கரண்டியை எடுத்தது இந்தக் கைதான். காப்புக் கட்டிய கையால் அவர் அள்ளித் தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்... நின்றேனே!

ஏன் சொன்னேன்? நாளை ஏதாவது ஆனால் பழி மகள் நாக்கின்மேல் விழும் என்றா? இல்லை, என் பெயர் கெடும் என்றா? ஒரு தடுமாற்றம்கூட இல்லாமல் பொய் வந்ததே! தினமும் விளக்கேற்றுகிற எனக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா?

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அம்மன் என்னைத் தண்டிக்கவில்லை. மன்னித்துவிட்டாளா... காத்திருக்கிறாளா?

வருகிற வெள்ளிக்கிழமை படவேட்டில் குழந்தைக்கு மொட்டை. நேற்று அவர் சொன்னார்: "உன் கையால சுத்தமா ஆக்கிப் போட்டே, ஆத்தா குடுத்துட்டா. சந்நிதிக்குப் புள்ளைய நீயே தூக்கிகினு முன்னால போ. நான் பின்னால வரேன்."

"சரிங்க" என்றேன்.