மகளிரியல் படித்த மாப்பிள்ளை

சிங்கப்பெருமாள் கோயில் தண்ணி லாரி மணியின் ஒரே மகன் சம்பத், மகளிரியலில் எம்.ஏ. பட்டம் பெற்றது எந்த லட்சியத்தினாலும் அல்ல. 1997-இல் பொருளாதாரம் படிக்கச் சென்னைக்குப் போனார். இடமில்லை. வரலாறு கேட்டார், அதுவும் இல்லை. வாடிய முகத்தோடு வெளியே வந்தவரைக் கல்லூரி ஊழியர் ஒருவர் இரக்கப்பட்டுக் கூப்பிட்டார். "தம்பி, ஒரே ஒரு பிரிவுல ஆம்பளப் பசங்களே சேர மாட்டேங்கறாங்க. அதுல போனா ஃபேனுக்குக் கீழயே இடம் கிடைக்கும்."

ஃபேனுக்காகச் சேர்ந்தவர், பெண் விடுதலைப் போராளியாகத் திரும்பி வந்தார்.

வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். பேராசிரியை "ஆணாதிக்கம்" என்று சொல்லும்போதெல்லாம் வகுப்பே திரும்பி அவரைப் பார்க்கும். அவரும் மொத்த இனத்தின் சார்பாகத் தலை குனிந்துகொள்வார்.

ஊருக்கு அது என்ன படிப்பென்று விளங்கவில்லை. பிரசவம் பார்க்கிற படிப்பு என்று நம்பி, நிறைமாத மருமகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த மாமியாரும் உண்டு. டீக்கடையில் பழைய கூட்டாளி லட்சுமணன் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டான்.

"இன்னா மச்சான், ரெண்டு வருஷமா பொம்பளைங்களப் பத்தியே படிச்சிகினு இருந்தியாமே. இன்னாதான் கண்டுபுடிச்ச?"

சம்பத் டீ கிளாசைக் கீழே வைத்தார். "பெண்மைங்கறது இயற்கையில்ல. சமூகம் கட்டமைக்கறது."

"கட்டமா? ஜாதகத்துல கீதே, அதா? அத எங்க வூட்டாண்ட ஜோசியரே சொல்வாரே. இதுக்கா மெட்ராஸ் போன?"

இதையெல்லாம் சம்பத் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது கல்யாண விஷயத்தில். பெண் வீட்டார் பையனின் படிப்பைக் கேட்பார்கள். "பொம்பளைங்களப் பத்தி" என்பார் மணி, பெருமையாக. நீட்டிய காபி டம்ளர்கள் அப்படியே மேசைக்குத் திரும்பிவிடும். ஒரு வீட்டில், "பாஸா?" என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் கதவைச் சாத்தினார்கள்.

இதற்கிடையில் மாமல்லபுரத்தில் மீனவப் பெண்களுக்குக் குழு அமைத்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் சங்கரி ஏறுவாள். மாமல்லபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். ஒரு வருடம் ஒரே பஸ்ஸில் போயும், எம்.ஏ. முழுக்கப் பெண்களைப் பற்றியே படித்தவருக்கு ஒரு பெண்ணிடம் டைம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆகவே, 2001-இல் அம்மா எல்லம்மாள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு வரன் வந்திருப்பதாகச் சொல்லி நீட்டிய போட்டோவில் அதே சங்கரி இருந்தபோது, சம்பத்துக்கு வியர்த்துவிட்டது. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண்ணே வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மணி, எல்லம்மாள், சம்பத் மூவரும் திருக்கழுக்குன்றத்தை அடுத்த அணுபுரம் குவார்ட்டர்சுக்குப் போனார்கள். சங்கரியின் அப்பா ஜானகிராமன் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவில் இருந்தார். கௌரவமான மனிதர். சம்பளம், ஷிப்ட், பென்ஷன் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி தெய்வநாயகியைக் கையால் காட்டினார்.

"இவங்க வேலைக்கெல்லாம் போகல. வீட்ல சும்மாதான் இருக்காங்க."

"சும்மா" என்ற சொல்லைக் கேட்டால் பேராசிரியை கையிலிருக்கும் சாக்பீஸை உடைப்பார். சம்பத்திடம் சாக்பீஸ் இல்லை. ஆனால் படிப்பு இருந்தது. பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்பதை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சும்மான்னா? காலைல எந்திரிச்சதும் மொதல்ல என்னம்மா செய்வீங்க?"

இருபத்தைந்து வருடத்தில் தெய்வநாயகியை யாரும் கேட்காத கேள்வி அது. "மொதல்ல தண்ணி புடிப்பேன்" என்று ஆரம்பித்தாள். தண்ணியிலிருந்து பாலுக்கு வந்தாள். பாலிலிருந்து ஷிப்ட் சாப்பாட்டுக்கு வந்தபோது சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மாமனாரின் கண் ஆபரேஷனுக்கு வந்தபோது கருகல் வாடை வந்தது.

"பஜ்ஜி" என்றார் ஜானகிராமன்.

தெய்வநாயகி அசையவில்லை. அவள் இப்போதுதான் தீபாவளிக்கு வந்திருந்தாள். வேறு வழியின்றி அவரே எழுந்து உள்ளே ஓடினார். அணு உலையின் அழுத்தத்தையே கண்காணிக்கும் அந்த மனிதர், புகைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஏம்மா, இந்த அடுப்ப எந்தப் பக்கம் திருப்பி அணைக்கறது?"

வெற்றி தன்பக்கம் என்று சம்பத் நினைத்த அந்த விநாடியில், அறை வாசலில் நின்றிருந்த சங்கரி வாயைத் திறந்தாள்.

"உங்க வீட்ல இதெல்லாம் யாரு செய்யறாங்க?"

சம்பத் தொண்டையைச் செருமினார். எல்லம்மாள் முந்திக்கொண்டாள்.

"இவனக் கேக்கறியா? சாப்ட்ட தட்டுலயே கை கழுவிட்டுப் போவான்மா. பொம்பளைங்க கஷ்டம் பொம்பளைங்க கஷ்டம்னு எழுதிகினே இருப்பான். நடுவுல, டீ ஆறிப்போச்சு சூடு பண்ணிக் குடுன்னு என்னியக் கூப்டுவான்."

குவார்ட்டர்ஸ் முழுக்கப் பஜ்ஜிப் புகை பரவியது.

"படிப்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் சங்கரி. "பிராக்டிகல் கிடையாதா?"

"எம்.ஏ.ல பிராக்டிகல் இல்லீங்க" என்றார் சம்பத், உண்மையாகவே.

"அப்ப அத முடிச்சிட்டு வாங்க. எனக்கும் சம்மதம்தான். மார்க்கு மட்டும் உங்கம்மா போடட்டும்."

மறுநாள் சம்பத் தட்டைக் கழுவினார். அந்த வாரமே ரசம் வைத்தார். மணி அதைச் சாம்பார் என்று எண்ணிப் பாராட்டினார். ஞாயிறுதோறும் சங்கரி போன் செய்வாள். எல்லம்மாள் நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு முடிவை அறிவிப்பாள்.

"தேவலாம்மா. ஆனா மாவு ஆட்டறதுல கை வேகமில்ல."

மாவு சரியானது. "காராமணிக் கொழம்பு தண்ணியா கீது." குழம்பு கெட்டியானது. "இன்னும் மீனு ஆயத் தெரிலம்மா. இன்னா அவசரம்?"

ஆடி போய், ஐப்பசியும் போனது. சம்பத் ஈரக்கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். "யம்மா, பாஸ் போடும்மா. பஸ்ல அவ மூஞ்சியப் பாக்க முடியல."

"போடறேன்டா. மொதல்ல சீரியல் முடியட்டும். அதுக்குள்ள அந்தப் பாலப் பாத்துக்க, பொங்குது."

அடுத்த ஞாயிறு சங்கரி போன் செய்யவில்லை. தன் அம்மாவை அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். சம்பத் அருவாமனை முன்னால் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, கழுவி அடுக்கியிருந்தார். எல்லம்மாள் ஸ்டூலின் மேல் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தாள். வேலை சுத்தமாக நடப்பதைத் தெய்வநாயகி கொஞ்சநேரம் பொறாமையோடு பார்த்தாள்.

சங்கரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை, உங்க புள்ள எப்பவோ பாஸ். நீங்கதான் வாத்தியார் வேலைய விட மனசில்லாம இருக்கீங்க."

"செதிலு கொஞ்சம் ஒட்டிகினு கீது பாரு" என்றாள் எல்லம்மாள். குரலில் பழைய உறுதி இல்லை.

தை மாதத்தில் கல்யாணம். வேலைக்கு வசதியாகத் திருக்கழுக்குன்றத்தில் வீடு பார்த்தார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபோது எல்லம்மாள் தெருவே கேட்க அழுதாள். பக்கத்து வீட்டுச் சந்திரம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதக்கா. பெத்த மனசு, அப்டித்தான் இருக்கும்."

"மனசு கெடக்குடி! நாளைக்கு மாவு யாரு ஆட்டறது?"

மூக்கைச் சிந்திவிட்டு எல்லம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். வாசலில் மணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தாய்யா, கொஞ்சம் இங்க வா. வெங்காயம் உரிப்பியா?"

மறைமலை நகருக்கு அவசரமாக ஒரு லோடு இருக்கிறது என்று மணி எழுந்து லாரிச் சாவியைத் தேடினார். சாவி எல்லம்மாளின் இடுப்பில் இருந்தது.