பாரம் தாங்கும் பட்டை

அமஸ்தானின் பிக்கப்பில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை மறுபடியும் ஒடிந்தபோது வண்டி நிறைய பார்லி மூட்டைகள் இருந்தன. பாலைவன டவுனான தமன்ராசெட்டிலிருந்து ஹொக்கார் மலைக்குள் அவன் ஊருக்கு ஏறும் பாதை முழுக்கக் கருங்கல்லும் வறண்ட ஆற்றுமணலும்தான். மழை பொய்த்து இரண்டாவது வருடம். டவுனிலிருந்து அவன் ஏற்றிவரும் தீவனத்தை நம்பித்தான் ஊர் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. அன்று பாதி மூட்டைகளை வழியில் இறக்கிவிட்டு, ஒடிந்த பட்டைக்குக் கட்டை கொடுத்துக் கயிற்றால் இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தான். திரும்பிப் போவதற்குள் காட்டுக்கழுதைகள் மூட்டைகளைக் கிழித்துத் தின்று தீர்த்திருந்தன.

இனி ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது என்று லக்தரின் பட்டறைக்குப் போனான். வடக்கே வார்க்லாவிலிருந்து வந்து தமன்ராசெட்டிலேயே தங்கிவிட்டவர் லக்தர். தங்கை தஸ்ஸீனின் கணவன் கெனானும் கூட வந்திருந்தான். கிணறு தூர் வாருவது கெனானின் தொழில்.

லக்தர் இரண்டு ஜோடிகளை எடுத்துக் கீழே போட்டார். ஒன்று நீளமான, மெல்லிய பட்டை. அதற்குத் தோதான நல்ல ஷாக் அப்சார்பரும் உண்டு. கல்மேல் சக்கரம் ஏறி இறங்குவது உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது; ஆனால் பாரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இன்னொன்று தடித்த பட்டைகளை அடுக்கியது. எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும். வண்டி காலியாக இருந்தால் தூக்கித் தூக்கி அடிக்கும்.

"என்ன ஏத்தப்போற, அத முதல்ல சொல்லு. மெத்தையும் வேணும், மூட்டையும் வேணும்னா ரெண்டு வண்டி வாங்கிக்க" என்றார் லக்தர்.

அமஸ்தானின் கை மெல்லிய பட்டையின் மேல்தான் இருந்தது. வருடக்கணக்காக அந்தப் பாதையில் ஓட்டி அவன் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

கெனான் சிரித்தான். "ஆட்டுக்குத் தீனி வந்தாப் போதும் மச்சான். அதுங்க எங்க ஒன் வண்டியில ஏறி உக்காரப்போகுது? கெட்டியானதப் போடு."

அவன் சொன்னது நியாயம். தடித்ததையே மாட்டினார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பட்டைகூட ஒடியவில்லை. பக்கத்து ஊர்களில் ஆடுகள் செத்து விழுந்தன. இவர்கள் ஊரில் எலும்பும் தோலுமாகவாவது நின்றன. காலி வண்டியில் டவுனுக்கு இறங்கும்போதுதான் கொடுமை. ஒன் வண்டியில ஏறினா குடிச்ச டீ காது வழியா வருது என்று கெனான் கேலி பேசுவான்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒரு நாள் காலை, கிணற்றில் இறங்கிய கெனானின் கயிறு அறுந்தது. மேலே தூக்கியபோது நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வண்டி அந்த மலையில் ஏறாது. ஊரில் இருந்தது அமஸ்தானின் பிக்கப் ஒன்றுதான்.

கதவு ஒன்றைக் கழற்றி அதில் கெனானைக் கட்டி, பின்னால் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் தஸ்ஸீன் உட்கார்ந்தாள். முதல் கல்மேல் ஏறியதும் கெனானிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. அமஸ்தான் பிரேக்கை மிதித்தான். இரண்டு பேர் எடைக்கு அந்தப் பட்டை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. ஆற்றுப்படுகையில் வண்டியை இறக்கி நிறுத்தி, கெனானைக் கீழே இறக்கச் சொன்னான். வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்த ஊர் ஆட்களோடு பின்தட்டில் மணலை வாரிக் கொட்டத் தொடங்கினான்.

"மணல் வாருற நேரமாண்ணே இது?" என்றாள் தஸ்ஸீன்.

"பாரம் இல்லாம இது மடங்காதும்மா. இப்படியே போனா வழியிலேயே கொன்னுடுவேன்."

மணல்மேல் கம்பளத்தை விரித்து, கதவோடு கெனானை ஏற்றினார்கள். அதன் பிறகு வண்டி அடிக்கவில்லை, வேகமும் போகவில்லை. ஏற்றங்களில் திணறியது. வழியில் கெனான் தண்ணீர் கேட்டான். கயிறு புதுசு, எப்படி அறுந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு கேட்கவில்லை.

டவுனின் வீடுகள் தெரியத் தொடங்கிய இடத்தில் தஸ்ஸீன் கூரையைத் தட்டினாள். அமஸ்தான் இறங்கிப் போனபோது அவள் கணவனின் தலைப்பாகைத் துணியை முகத்துக்கு இழுத்து அவன் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"இனி மெதுவாவே போண்ணே" என்றாள்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து, அந்தப் பட்டைகளைக் கழற்றிவிட்டு மெல்லியதை மாட்டப்போவதாக அவளிடம் சொன்னான். அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டையால போனாரா, மணல் வாரின நேரத்துல போனாரா, கெணத்துலயே போயிட்டாரான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். இருக்குற ஆட்டுக்கு யாரு தீனி ஏத்துவா? கழட்டாத."

அவன் கழற்றவில்லை. அந்த வருடமும் மழை இல்லை. ஊர் திரும்பும்போதெல்லாம் தங்கையின் கூடாரத்து வாசலில் முதல் மூட்டையை இறக்கினான். அவள் வாங்கிக்கொண்டாள். முன்பெல்லாம் அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே டீக்கு அடுப்பு மூட்டுவாள். இப்போது மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு ஆடுகளிடம் போய்விடுகிறாள். அவனும் அடுத்த வீட்டுக்கு வண்டியை எடுக்கிறான்.