நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சந்தேகப்படுவது உபதொழில். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை குறைகிறது என்பார். என் அம்மா போன் செய்தால், "இப்ப எதுக்குக் கூப்பிடறாங்க?" என்பார். இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறேன்.

அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் தெருமுனை டெய்லர். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், கூரைக்கு அடியில் பறக்கவிடும் ரப்பர்பேண்ட் விமானம். மொத்த விமானமும் இரண்டு கிராம் வராது. பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு. அதன் இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வளைந்த குச்சிகள் இருக்கும். ரிப் என்பார்கள். பஞ்சு மாதிரி லேசான பால்சா மரத்தகட்டில் கையால் வெட்டினால் ஒன்று தடித்துவிடும், ஒன்று இளைத்துவிடும். விமானம் சாய்ந்துபோய்ச் சுவரில் முட்டும்.

அதற்காகத்தான் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கருவி செய்தார். பலகையில் நட்டமாக ஒரு போல்ட், அதில் மாட்டிய பித்தளைக் கை, மேலே ஒரு நட்டு, கையின் நுனியில் பாதி பிளேடு. கையை வீசினால் வளைவாக ஒரு ரிப் விழும். தகட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி வீசினால் அச்சு அசலாக இன்னொன்று. ஐந்தாறு வெட்டிப் பார்த்ததற்கே குதியாய்க் குதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜோடியாகப் போட்டியில் இறங்குவதாக ஏற்பாடு. தன் விமானத்துக்கு நாற்பது ரிப் வெட்ட டெய்லர் ஒருநாள் கருவியைக் கேட்டார். இவர் கருவியை டப்பாவோடு எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"கழட்டி அளவெடுத்துட்டான்னா? நட்டு மேல ஒரு கோடு போடு, திருகுனா விலகிடும். உன் கைதான் நடுங்காது."

என் நகப்பாலிஷால் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு போட்டேன். எனக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கருவி திரும்பி வந்தபோது நட்டின் மேல் கோடு ஒரு பக்கம், போல்ட்டின் மேல் கோடு இன்னொரு பக்கம். டப்பாவில் எங்களுடையதல்லாத ஒரு தட்டை நட்டு வேறு கிடந்தது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!" என்று நேரே பயிற்சி நடக்கும் ஹாலுக்குப் போனார். பத்துப் பேர் முன்னால் அந்த நட்டைத் தூக்கிக் காட்டினார்.

"கழட்டிப் பிரிச்சியா இல்லையா?"

"அண்ணே, அந்த நட்டு வந்து..."

"வாய மூடு. திருட்டுப்பய."

டெய்லர் முகம் சுண்டிப்போக, தன் விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் இவர் கோட்டைச் சேர்த்து வைத்து நட்டை முறுக்கிவிட்டுத் தன் இறக்கைக்கு வெட்ட உட்கார்ந்தார். நான் எண்ணினேன். இருபதாவது வீச்சில் கோடு ஒரு இழை விலகியிருந்தது. வெட்டுகிற வேகத்தில் பித்தளைக் கை நட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது! நாற்பதாவதில், டெய்லர் கொடுத்தபோது நின்ற அதே இடத்தில் நின்றது. யாரும் எதையும் கழற்றவில்லை.

அந்தத் தட்டை நட்டை எடுத்து முதல் நட்டின் மேல் போட்டு இறுக்கினார். கனகச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் இன்னொரு நாற்பது வெட்டியும் கீழ்நட்டு அசையவில்லை.

"தளருதுன்னு பாத்து, இதுக்குன்னே தேடி வாங்கி வெச்சிருக்கான்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"இங்க உக்காந்து என்ன புலம்பல்? எழுந்திருங்க" என்று கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டெய்லர் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. இவர் எல்லாவற்றையும் சொல்லி, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

"பரவால்லண்ணே. கோவத்துல திட்டுனது போகட்டும்" என்றார் டெய்லர். "எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே கோடு போட்டீங்க பாருங்க, அத என்ன பண்றது?"

டெய்லர் என்னைப் பார்த்து, "உக்காருங்க அண்ணி" என்று ஸ்டூலை நகர்த்தினார். நான் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். நகமெல்லாம் அதே சிவப்பு.