சாயத்தொட்டியும் முதல் உயிரும்

நீ என்னைக் காட்டிக்கொடுத்தாய். சாயப்பட்டறை லேபில் இருந்த உன்னைத்தான் சொல்கிறேன்.

எல்லோரும் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மண்ணரையில் ஒரே பட்டறையில் வேலை செய்தோம். உயிர் முதலில் எப்படி வந்தது என்று டீ நேரத்தில் கேட்டேன். ஆவி பறந்த என் சாயத்தொட்டியைக் காட்டினாய்.

"இப்படித்தானுங்க. உயிரில்லாத உப்பும் ரசாயனமும் சுடுதண்ணியில கோடிக்கணக்கான வருசம் கெடந்து தானா உயிராச்சு. எப்படின்னு இன்னும் முழுசாத் தெரியாதுங்க. ஆனா ஆரும் செய்யலீங்க."

"அப்ப நாளைக்கு என் தொட்டியில மீன் பிடிக்கலாம்னு சொல்லும்வே!" என்று சிரித்தேன். ஆனாலும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில், நீ சொன்னதாகவே சொன்னேன். போதகர் பட்டறைக்கே வந்து, எல்லோர் முன்னாலும் உன்னிடம் கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க, சாமி" என்றாய்.

அன்றிலிருந்து நான் பொய்யன். அதே சபையில் இருக்கும் மாமனார் வீட்டில் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

துணியில் நிறம் மாறினால், நிற மாதிரி ஒட்டிய ஷேடு கார்டில் கையெழுத்துப் போட்டவன் பதில் சொல்ல வேண்டும் என்பது பட்டறை வழக்கம். உன் கையெழுத்தை நீ ஒருநாளும் மறுத்ததில்லை. வாயால் சொன்னதை மட்டும் மறுத்துவிட்டாய். அதே ஜெபக்கூட்டத்துக்கு வா. அன்று என்னிடம் சொன்னாயா, இல்லையா? எல்லோர் முன்னாலும் பதில் சொல்.