வால் வெட்டாத மீன்

மகள் வீட்டில் நான் தங்கியது எண்பத்தெட்டு நாள். அதில் தூண்டிலோடு கடற்கரைக்குப் போனது அறுபத்தொரு நாள். பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த மீன், மடவையைச் சேர்த்தால் ஏழு. சேர்க்காவிட்டால் ஒன்றுமில்லை.

மடவையை ஏன் சேர்க்கக் கூடாது என்பது என் கணக்கில்லை. அண்ணனூரில் இருக்கும் என் நண்பனின் கணக்கு. அவனைச் சொல்லாமல் மீனைச் சொல்ல முடியாது.

ஆவடியில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்திநாலு வருஷம் நான் தரப் பரிசோதகன். அவன் அங்கே லேத் ஓட்டியவன். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் தங்கியவன். அவன் அண்ணனூரிலேயே பிறந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவன் கடைந்து அனுப்பிய நாற்பது புஷ் வளையங்களில் பதினொன்றைத் திருப்பி அனுப்பினேன். தேநீர் இடைவேளையில் தேடிக்கொண்டு வந்தான்.

"இன்னா சார், பதினொண்ணு திரும்பி வந்துகீது. இன்னா கொற?"

"ரெண்டு பாயின்ட் அதிகம்."

"ரெண்டு பாயின்ட்டு உன் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சா?"

"கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோமீட்டருக்குத் தெரியும்."

"அப்ப நா அதாண்டயே பேசிக்கறேன். நீ டீய குடி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்தான். பிறகு எத்தனையோ ஞாயிறுகள். ஏரியில் ஜிலேபிக் கெண்டை, எப்போதாவது விரால். அலுத்துப்போனால் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி எண்ணூர் கழிமுகத்துக்குப் போய் மடவை பிடிப்போம். இப்போது ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, மீன் பிடிக்கக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். காலையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேகமாக நடக்கிறவர்கள் நடுவில், முட்டி வலியோடு நான் ஒரு சுற்று நடக்கிறேன். நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடிக்கிறார்கள்.

மனைவி போன பிறகு மகள் வற்புறுத்தி அழைத்தாள். பிரான்சின் தெற்குக் கரையில், மத்தியதரைக் கடலோரம், ஒரு சின்னத் துறைமுக ஊர். மகளும் மருமகனும் காலை எட்டேகாலுக்கு வேலைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார்கள். வீட்டிலிருந்து கருங்கல் அலைதடுப்புக்கு அறுநூற்று முப்பது அடி. என் வயதொத்த ஒருவர் தினமும் அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். மருமகனிடம் சொல்லி ஒரு ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவர் பேசியதில் எனக்குப் பத்தில் ஒரு வார்த்தை புரியும். கை, ஆங்கிலம் இரண்டையும் கலந்து கற்றுக்கொடுத்தார். நெற்றியில் பொன் பட்டை உள்ள மீன் ஒன்று உண்டு. சிப்பியை ஓட்டோடு கடித்து நொறுக்கும் தாடை அதற்கு. கோடு போட்ட ஒரு மீன், பாறையோரத்தில் நுரைக்குள்ளேயே நின்று இரையைத் திருடும். கோடை முடிந்தால் சூரைக் கூட்டம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வெள்ளி நிறம், முதுகில் முள், நம் ஊர்க் கொடுவாவின் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். அந்தக் கரையில் அதற்கு ஓநாய் என்று பெயர். காற்றடித்துக் கடல் கலங்கிய மறுநாள் விடியற்காலையில் கரைக்கு மிக அருகே வந்து சின்ன மீன்களை வேட்டையாடும். அதைப் பிடித்தவனுக்குத்தான் அந்த அலைதடுப்பில் மரியாதை. மடவையை அங்கே யாரும் மதிப்பதில்லை; படகுத்துறைச் சாக்கடை வாயிலேயே மேயும். நான்தான் மைதா உருண்டையில் பெருங்காயம் கலந்து போட்டு ஏழு பிடித்தேன்.

அவர்கள் வைத்திருந்த சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓநாய் முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்க வேண்டும். வைத்துக்கொள்வதானால், பிடித்த உடனே வாலின் கீழ் முனையைக் கத்தரிக்க வேண்டும். பொழுதுபோக்குக்குப் பிடித்த மீனைச் சந்தையில் விற்காமல் இருக்க அந்த அடையாளம். அன்றே நண்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நம்ம பஞ்ச் மாதிரிடா. பீஸ் பாஸானா அது மேல முத்திரை அடிக்கிறோம் இல்லையா, அது மாதிரி."

"அங்க போயும் பாஸு, ரிஜெக்ட்டா மாமே. மீனுங்க பாவம்."

அவனுக்குச் சர்க்கரை இருபத்திரண்டு வருஷம். நான் கிளம்பும்போதே வலது காலில் ஆறாத புண் இருந்தது; இரண்டு விரல்களை முன்பே எடுத்திருந்தார்கள். நான் போன மூன்றாவது வாரம், முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவன் மாட்டேன் என்றான். செயற்கைக் கால் போட்டு நடக்கலாமாம், உண்மையா என்று என்னைக் கேட்டான். நான் மூன்று நாள் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: முட்டி மிச்சமிருந்தால் நடக்கலாம், ஆறு மாதம் ஆகும், வலிக்கும். அது நான் அளந்து சொன்ன பதில்.

அதைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான், "சரி. நீ அந்த ஓநாய ஒண்ணு புடி. அன்னிக்கி நா கையெழுத்துப் போடறேன்."

"விளையாடாதே."

"வெளையாடல நைனா. நீ இன்னா, பெரிய தூண்டில்காரனாச்சே. மடவை கணக்குல கெடையாது. மடவை புடிக்க எண்ணூரு போதும், ஏரோப்ளேன் எதுக்கு?"

பயத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எனக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும். ஆனால் சொன்ன சொல்லை அவன் மாற்றுகிறவன் இல்லை. வேறு எந்தப் பேச்சுக்கும் மசியாதவன் இதற்காவது ஒத்துக்கொண்டானே என்று அந்தம்மா இதைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் எனக்கு ஒரு அழைப்பு வரும்.

"ண்ணா, கெடச்சிதா?"

"இல்லம்மா."

"நாளைக்கிக் கெடைக்கும். நேத்திக்கி ஒரு வெரலு கறுத்துப்பூட்ச்சி."

இதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒருவன் எப்படித் தூண்டில் போடுவான்? என் வீச்சு கெட்டது. ஒரு காலைக்கு எழுபது வீச்சு, எண்பது வீச்சு. தோள்பட்டை இரவெல்லாம் தெறித்தது. பாறையில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். பக்கத்துக் கிழவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இவ்வளவு அவசரமாக ஒரு மனிதன் மீன் பிடித்து அவர் பார்த்திருக்க மாட்டார்.

முப்பத்தெட்டாம் நாள் காலை ஒன்று மாட்டியது. இழுவையிலேயே தெரிந்தது, மடவை இல்லை. கரையில் போட்டு அளந்தேன். இருபத்தெட்டு புள்ளி ஆறு. மறுபடி அளந்தேன், அதேதான். தண்ணீரில் விட்டேன். விட்டுவிட்டு நண்பனுக்குச் சொன்னேன்.

"ஒண்ணர சென்டிமீட்டருக்கா உட்ட?"

"ஒண்ணு புள்ளி நாலு."

அவன் சிரித்தான். அவனுக்கு அன்று உண்மையாகவே மகிழ்ச்சி. இன்னும் சில நாள் கிடைத்துவிட்டது. அவன் மனைவி பிறகு தனியாகப் பேசினார். "போட்டோவாச்சும் எடுத்துட்டு உட்டிருக்கலாமேண்ணா." எனக்கு அது தோன்றவேயில்லை. அளவில் தேறாததைப் படம் எடுத்து என்ன செய்வது என்றுதான் என் புத்தி போனது.

நாற்பத்தைந்தாம் நாள் அந்தம்மா அழுதுகொண்டே பேசினார். புண் மேலே ஏறுகிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று செவ்வாய்.

நான் சந்தைக்குப் போனேன். பனிக்கட்டி மேல் வரிசையாக ஓநாய்கள் கிடந்தன. நல்லதாக ஒன்றை வாங்கி, அலைதடுப்புக்கு எடுத்துப்போய், வாயில் தூண்டில் முள்ளை மாட்டி, பாறைமேல் கிடத்தினேன். மகளை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லியிருந்தேன். கையில் மீனோடு நான் நிற்க, அவள் படம் எடுத்தாள்.

"அப்பா, அங்கிள்கிட்ட நீங்களே பொய் சொல்றீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு வராதேப்பா."

"எடு."

படத்தை அனுப்பிய இரண்டாம் மணி நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"மீனு சோக்கா கீது மாமே. இன்னா அளவு?"

"முப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு." அது உண்மை. வீட்டில் அளந்திருந்தேன்.

"வால இன்னா பண்ண?"

எனக்குப் புரியவில்லை.

"வாலு முழுசா கீதே. கீழ்முனைய வெட்டணும்னு நீதான சொன்ன."

மறந்துவிட்டேன் என்றேன்.

"நீ மறந்துட்ட," என்றான். "முப்பத்திநாலு வருசம். பஞ்ச் அடிக்காத ஒரு பீஸு உன் டேபிள்லேர்ந்து எறங்கினது இல்ல. நீ மறந்துட்ட." பிறகு மெதுவாக, "கடையில வாங்கினியா?"

"ஆமா."

"அவ வாங்கச் சொன்னாளா?"

"இல்லை. நானாத்தான்."

கோபமாகக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் களைத்துப்போனவன் மாதிரி பேசினான். "பையன் ஒண்ணும் இல்லப்பான்றான். இவ சரியாப்பூடும்ன்றா. டாக்டரு ஓடலாம், ஆடலாம்ன்றாரு. நீ ஒருத்தன் உள்ளத சொல்லுவன்னு இருந்தேன். கால எடுத்தா நடக்கலாம்னு சொன்னியே, அதுவும் இப்டித்தானா?"

"அது படிச்சுப் பார்த்துச் சொன்னதுடா. சத்தியமா."

"எனக்கு எப்டி மாமே தெரியும்?"

வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமை வந்து போனது. நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அந்தம்மா மட்டும் பேசினார். என்னைக் குறை சொல்லவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. அதற்குப் பிறகும் நான் தினமும் கடலுக்குப் போனேன், ஏன் என்று எனக்கே தெரியாது. அந்த நாட்களில் நிஜமாகவே ஒன்றைப் பிடித்து, வாலை வெட்டி, இரத்தம் சொட்டச் சொட்டப் படம் எடுத்து அனுப்பியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். நேற்றுவரை சரியாக இருந்த அளவுகோல் ஒரு தடவை தப்பு காட்டினால், அதற்கு முன் அளந்ததையெல்லாம் மறுபடி அளக்கச் சொல்வது நாங்கள் வேலை பார்த்த இடத்தின் வழக்கம். நானே அப்படி எத்தனையோ பேரைச் செய்ய வைத்திருக்கிறேன்.

படம் அனுப்பிய ஒன்பதாம் நாள் அவனுக்குக் குளிர் ஜுரம் கண்டு நினைவு தப்பிவிட்டது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மகன் கையெழுத்துப் போட்டான். முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பயணச்சீட்டைச் சீக்கிரமாக மாற்ற முடியவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே அண்ணனூர் போனேன். ரயில் பணிமனைக்குப் பின்னால் அவன் வீடு. அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவன் மனைவி நாற்காலி போட்டுவிட்டுக் காபி கலக்க உள்ளே போனார்.

"எளச்சிப்பூட்டியே," என்றான். "அந்த ஊர்ல சோறு கீறு போடலயா?"

"ஒன்பது நாள்டா," என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "நான் அந்தப் படத்தை அனுப்பாம இருந்திருந்தா..."

"எண்ணிகினு இருந்தியா?"

"ஆமா."

"டாக்டரு சொன்னாரு, முன்னாடி வந்திருந்தாலும் முட்டி தங்கியிருக்குமோ இன்னாவோன்னு. அவருக்கே தெர்ல. நீ எண்ணி இன்னா ஆவப்போவுது?"

பணிமனையில் ஒரு வண்டி நகரும் சத்தம் கேட்டது. காபி வந்தது. அவனுடையது சர்க்கரை இல்லாதது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"இப்ப சொல்லு. முட்டி இல்லாம நா நடப்பனா?"

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்னிடம் எதைக் கேட்டது என்பது எனக்குத் தெரியும்.

"ரொம்பக் கஷ்டம்," என்றேன். "இந்த வயசில், இந்தச் சர்க்கரையில், இன்னொரு காலும் தாங்கணும். நடக்காமலும் போகலாம். நடந்தாலும் வீட்டுக்குள்ளதான் இருக்கும்."

அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவன் தம்ளரைக் கீழே வைத்தான். ரொம்ப நேரம் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பதிலைப் பலபேரிடம் கேட்டு அலுத்து, இப்போதுதான் கைக்கு வந்தது போல இருந்தது அவன் முகம்.

"சரி," என்றான். "புடி, பாத்ரூம் போவணும்."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவன் கனம் என் இடுப்பில் இறங்கியது. ஒற்றைக் காலில் ஒவ்வொரு தாவலாக வந்தான். குளியலறை வாசற்படியருகே நின்று மூச்சு வாங்கினான். அந்தப் படி உயரமாக இருந்தது. மகனிடம் சொல்லி அதை இடிக்க வேண்டும் என்றான். இடிக்க வேண்டாம், இந்தப் பக்கம் ஒரு சரிவு போட்டால் போதும் என்றேன். இரண்டு கிழவர்களும் அதைப் பற்றி அங்கேயே நின்று சிறிது நேரம் வாதாடினோம்.