மச்சானை விட்டு ஓடிய மதியம்

கிள்ளையில் இறால் ஏற்றும்போது, சேற்றில் சிக்காமலிருக்க எங்கள் பிக்கப்பின் பின்சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுழலவைக்கும் லாக்கைப் போட்டேன். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்திருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளிக்கு எங்கும் சேறுதானே, எடுக்கவில்லை.

சிதம்பரம் வருவதற்குள் ஒரு வளைவில் பின்னால் ‘டமார்’ என்றது. அடியில் எண்ணெய் கொட்டியது. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு குதித்து ஓடினேன். இந்தத் தொப்பையோடு இவ்வளவு வேகமா என்று என்னையே மெச்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், என் மனைவியின் தம்பி, காலில் மாவுக்கட்டோடு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

"மாமா, தீ எங்கன்னு சொல்லிட்டாவது ஓடக்கூடாதா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறாலை வேறு வண்டியில் அனுப்பினோம். "லாக்கோட வளைச்சா ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும். வளைவுல சக்கரங்கள வேற வேற வேகத்துல சுத்தவிடுற டிஃபரன்ஷியல் ஒடையாம என்ன பண்ணும்?" என்றார் மெக்கானிக். அவர் புதிதாக ஒன்றை மாட்டி முடிக்கும்வரை எனக்கு ஒரே கவலைதான்: வீட்டில் இவன் என்ன சொல்வான்?

கடலூரில் வீட்டு வாசலிலேயே, என்ன நடந்தது என்று மனைவி விசாரித்தாள்.

"மாமாதான்க்கா ஒதவிக்கு ஆள் கூப்புட மொதல்ல ஓடுனாரு" என்றான் மச்சான்.

ஓடியது உண்மை. மிச்சத்தை அவன் புதிதாக மாட்டிவிட்டான்.

இப்போதெல்லாம் தார் ரோடு ஏறியதும் லாக்கை எடுத்துவிடுகிறேன். கூடவே பக்கத்து சீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அது காலியாக இருந்தாலும்.