காந்தக் கிதியோனும் என் மீசையும்

எருமப்பட்டி சாலையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை என்றால் அது என் பட்டறைதான். மற்றவை தகரக் கொட்டகைகள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. என் கைபட்ட லாரிகள் காஷ்மீர் வரை ஓடுகின்றன. என் மீசையும் யார் தயவும் இல்லாமல் நானே வளர்த்தது. இருந்தாலும் இங்கே நான் எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, என் பட்டறைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் கிதியோனைப் பற்றி.

கிதியோன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன். காலையில் கடையைத் திறந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை இழுப்பதுபோல் சாலையோரமாக இழுத்துக்கொண்டு நடப்பான். என் பட்டறையிலிருந்து தெறித்த ஆணியும் கம்பித் துண்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். கொண்டுவந்து என் பழைய இரும்புக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போவான். பஞ்சர் கடைக்காரன் சாலையில் ஆணி போடுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பொறுக்குகிறவனை நாங்கள் பார்த்ததில்லை.

அந்தக் காந்தம் வந்த வழியும் வேடிக்கைதான். வேனில் வந்த ஒரு பிரசங்கியார் ஒலிபெருக்கி கட்டி, ஒரு வாரம் எங்களையெல்லாம் நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்பீக்கர் புகைந்து நின்றது. அன்றுதான் ஊரே மனமாரக் கடவுளுக்கு நன்றி சொன்னது. அவர் வீசிவிட்டுப் போன ஸ்பீக்கரைப் பிரித்துத்தான் கிதியோன் காந்தத்தை எடுத்தான்.

“இது தூண்டிலுங்க” என்றார் செங்கோடன் டீக்கடையில் லாரி புரோக்கர் சின்னுசாமி. “இன்னைக்கு ஆணி. நாளைக்கு நோட்டீசு. அதுக்கப்புறம் ஞானஸ்நானம்னு காவேரியில முக்கி எடுத்துருவான்.”

“ஆயுத பூசைக்குள்ள எங்கிட்ட நோட்டீசு நீட்டுவான்” என்றேன். “நீட்டலைன்னா இந்த மீசையை எடுத்தர்றேன்.”

அவ்வளவு சீக்கிரம் நடக்காது என்று சின்னுசாமி பந்தயம் கட்ட, செங்கோடன் நடுவரானார். நானாகக் கேட்கக் கூடாது, அவனாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பேச்சு. ஆரம்பித்தால் மடக்க என்னிடம் கேள்வி தயாராக இருந்தது. உலகத்தையே ஒரு வாரத்தில் முடித்தார் என்கிறீர்களே, ஒரு பாடி கட்ட எனக்கே ஒரு மாதம் ஆகிறதே, எப்படி?

அவன் ஆரம்பிக்கவே இல்லை. நானே ஒருநாள் அவன் கடையில் போய் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். “மனசுல அமைதியே இல்லப்பா.”

“டீயைக் குறைச்சுப் பாருங்கய்யா” என்று சொல்லிவிட்டு டியூபைத் தண்ணீரில் அமுக்கினான்.

என் சம்சாரம் உண்ணாமலை காய்ச்சலில் நாமக்கல் ஆசுபத்திரியில் கிடந்தபோது, கடையைச் சாத்திவிட்டுத் துணைக்கு வந்தான். கட்டில் பக்கத்தில் கண்ணை மூடினான். ஜெபம் வந்துவிட்டது, மீசை பிழைத்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறட்டைதான் வந்தது.

ஆயுத பூசையும் வந்தது. சின்னுசாமி நாவிதர் ஆண்டியை டீக்கடைக்கே கூட்டி வந்து விட்டார். முகத்தில் நுரை ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. நுரையோடு சாலையைக் கடந்தேன். வேடிக்கை பார்க்க எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

“ஏன்டா கிதியோனு, போறவன் வாரவனுக்கெல்லாம் உங்காளுக சொல்றாங்க. எனக்கு மட்டும் நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை? நான் மோட்சத்துக்கு வந்தா அங்க இடம் பத்தாதா?”

“நீங்க கேக்கலைங்களேய்யா.”

“அண்ணனே கேட்டுப்போட்டாரு” என்றார் செங்கோடன். “மீசை போச்சுங்க.”

“போனாப் போகுது. சொல்லுடா.”

கிதியோன் கையைத் துடைத்தான். “ஆத்தூர்ல கடை வெச்சிருந்தப்போ ரோட்ல ஆணி போட்டவன்தாங்க நான். சைக்கிள்ல துணி விக்கிற பெரியவர் ஒருத்தர், ஒரே வாரத்துல ரெண்டு தடவை தள்ளிக்கிட்டு வந்தாரு. ரெண்டாந்தடவை ஆணியை எங்கையில வெச்சு, ‘இது உன்னுதுதானே தம்பி’ன்னாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். கேரியர்ல இருந்த சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு, சாப்பிட வான்னாரு. ஏன் திட்டலைன்னு கேட்டேங்க. ‘இதைவிடப் பெருசா எனக்கு ஏசு மன்னிச்சிருக்காரு’ன்னாரு. அவ்வளவுதாங்க. அந்த ஏசு யாருன்னு தேடிப் போனவன்தான், இன்னும் திரும்பலைங்க.”

சின்னுசாமி கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. உலகத்தைப் படைத்த கேள்வியை இதில் எங்கே சொருகுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆண்டிதான் “நுரை காயுதுங்க” என்று நினைவுபடுத்தினார். போய் உட்கார்ந்து மீசையை எடுத்துக்கொண்டேன். சொன்ன சொல் மாறாதவன் நான்.

ஆனால் ஒன்று. ஒலிபெருக்கி வைத்தும் அந்தப் பிரசங்கியாரால் இந்த ஊரில் ஒருத்தரைக்கூட நின்று கேட்க வைக்க முடியவில்லை. நான் ஒரு மீசையை வைத்து டீக்கடை முழுவதையும் கேட்க வைத்தேன்.

இப்போது பட்டறைக்கு வரும் வெளியூர் டிரைவர்கள், காந்தம் இழுக்கிறவர் யார் என்று கேட்டால் ஆணி, சோற்றுப் பொட்டலம், ஏசு எல்லாவற்றையும் நான்தான் சொல்கிறேன். கிதியோனுக்கு அவ்வளவு கோர்வையாகச் சொல்ல வராது. போன வாரம் திருச்செங்கோட்டு டிரைவர் ஒருவன் முழுக்கக் கேட்டுவிட்டு, “நீங்களும் அந்த வேதமுங்களா?” என்றான்.

“நான் பட்டறைக்காரன்” என்று மீசையை முறுக்கினேன். அது இன்னும் முறுக்குகிற அளவுக்கு வளரவில்லை.